மலைநாட்டு மைதானங்கள் – 9: ஊரில் ஆடாத ஊர்க்கழகம்

இலங்கையின் முதலாவது தொழில்முறை உதைபந்தாட்டத் தொடர் என்ற அறிவிப்போடு 2021 ஏப்ரலில் சூப்பர் லீக் ஆரம்பமானபோது, அதில் இடம்பெற்ற பத்துக் கழகங்களின் பெயர்ப்பட்டியலை ஒரு வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை பளிச்சென்று தெரியும். டிஃபென்டர்ஸ், புளூ ஈகள்ஸ், சீ ஹோக்ஸ் ஆகிய மூன்றும் முறையே தரைப்படை, விமானப்படை, கடற்படையின் அணிகள். ரினோன், ரத்னம், கொழும்பு எப்.சி. மூன்றும் தலைநகரின் கழகங்கள். புளூ ஸ்டாரும் ரெட் ஸ்டார்ஸும் களுத்துறைக் கரையைச் சேர்ந்தவை. நியூ யங்ஸ் வென்னப்புவைக்காரர்கள். பத்தாவது கழகம் மட்டும் கடலைக் காணாத ஊரிலிருந்து வந்தது. கண்டி மாவட்டத்தின் தென் எல்லையில், மகாவலியை அண்டி, ஹட்டனுக்கு ஏறும் வழியில் இருக்கும் நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ். தேசியத் தொடர் என்று சொல்லப்பட்ட ஒன்றில் மத்திய மலைநாடு முழுவதற்கும் இருந்த ஒரே பிரதிநிதி இதுதான். அந்தப் பிரதிநிதி தன் ரசிகர்களின் முன்னால் ஆடாமலே அந்தப் பருவகாலத்தைக் கடந்தது. ஆட்டங்கள் கொழும்பின் சுகததாச அரங்கையும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தையும் மையமாக வைத்தே நடந்தன. ஒரு சிற்றூர்க் கழகம் எந்தப் பிரிவில் ஆடுகிறது என்பதைவிட எங்கே ஆடுகிறது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது இந்தப் பகுதியில் நான் முன்வைக்கும் வாதம். கண்டியின் விளையாட்டு வரலாறு இதற்குச் சாட்சி சொல்கிறது. எதிர்பாராத விதமாக, அமெரிக்காவின் கீழ்ப்பிரிவுக் கழகங்களும் இதையே சொல்கின்றன.

முதலில் ஊரைப் பார்ப்போம். பேராதனையிலிருந்து நாவலப்பிட்டிக்கு ரயில் வந்தது 1874இல். பாதை அங்கிருந்து நானுஓயாவை எட்ட மேலும் 11 ஆண்டுகள் எடுத்தன என்பதே அடுத்து வந்த ஏற்றத்தின் கொடுமையைச் சொல்லிவிடும்: 44 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு, சுரங்கங்கள், வளைவுகள். மலையேறும் வண்டிகளுக்குத் துணை எஞ்சின் பூட்டும் இடமாக, எஞ்சின் கொட்டகையும் ரயில்வே குடியிருப்பும் கொண்ட ஊராக நாவலப்பிட்டி வளர்ந்தது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் மக்கள் சம்பள நாளில் சாமான் வாங்க வரும் கடைத்தெரு அங்கே இருந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் உரசி வாழும் சந்தை ஊராக அது ஆயிற்று. இப்படிப்பட்ட ஊருக்கு ஓர் உதைபந்தாட்டக் கழகம் வருவதில் வியப்பில்லை. வியப்பு எதுவென்றால், அதற்கு ஒரு மைதானம் கிடைத்ததுதான். சர்வதேச அளவில் பரிந்துரைக்கப்படும் ஆடுகளம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர் சமதரை வேண்டும். மலைநாட்டில் சமதரை என்பது ஆற்றங்கரை வயலாகவோ, தேயிலைத் தொழிற்சாலை முற்றமாகவோ, கோவிலோ விகாரையோ அமைந்த இடமாகவோதான் பெரும்பாலும் இருக்கும். தோட்டத்து லயன் வரிசைகளுக்கு முன்னால் கிடக்கும் நிலம் ஒரு பந்தை நேராக உருட்டவும் இடம் தராது. நாவலப்பிட்டியின் ஜயதிலக மைதானம் இந்த நிலையில் ஒரு சொத்து; கழகத்தைவிடப் பெரிய சொத்து என்றும் சொல்லலாம்.

அந்தச் சொத்தின் பெறுமதி சூப்பர் லீக்குக்கு முந்தைய ஆண்டுகளில்தான் தெரிந்தது. சம்பியன்ஸ் லீக் என்ற பெயரில் நாட்டின் முதல்தரத் தொடர் நடந்த காலத்தில் கழகங்கள் பல ஊர்களில் சிதறிக் கிடந்தன; ஆட்டங்களும் பல ஊர்களில் நடந்தன. நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸும், ஒரே ரயில் பாதையில் சற்றுக் கீழே இருக்கும் கம்பளையின் கிறிஸ்டல் பெலஸும் (லண்டன் கழகத்தின் பெயரை மலைநாட்டுக்கு இறக்குமதி செய்த துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்) ஒரே மட்டத்தில் ஆடிய பருவகாலங்கள் அவை. கண்டி மாவட்டத்தின் இரு சிற்றூர்கள், இடையே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லாத தூரம், இரண்டும் நாட்டின் முதல்தரத் தொடரில். இந்த நிலை கண்டி நகருக்கே கிட்டாத ஒன்று என்பதை நினைவில் வைக்க வேண்டும். கொழும்பிலிருந்தும் கரையோரத்திலிருந்தும் வரும் அணிகள் மலையேறி வந்து ஆட வேண்டியிருந்தது. நாவலப்பிட்டிக்கு மேலே, அதே பாதையில் இருக்கும் வட்டவளை இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. தென்மேல் பருவமழையில் ஊறிய புல்லில் பந்து நினைத்த இடத்தில் நிற்கும், நினைத்த இடத்துக்குப் போகாது. நீளமான பாஸ் ஒன்று பாதி வழியில் சேற்றில் அமர்ந்துவிடும். கரையோரத்தின் உலர்ந்த தரையில் வேகமாக ஆடிப் பழகியவர்களுக்கு அது வேறு ஆட்டம். ஊர்க்காரனுக்கோ அது தினமும் ஆடும் ஆட்டம். சொந்த மைதானத்தின் சாதகம் என்று விளையாட்டு எழுத்தாளர்கள் சொல்வதை ரசிகர்களின் கூச்சலாக மட்டுமே பலர் நினைக்கிறார்கள். மலைநாட்டில் அந்தச் சாதகத்தின் பாதி, மண்ணும் மழையும்.

மறுபாதி ஊரைச் சேர்ந்தது. மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பையன், தன் தெருவில் இருக்கும் ஒருவன் விமானப்படை அணியின் பின்களத்தைத் தாண்டி ஓடுவதைக் கண்ணால் காண்கிறான். கடைக்காரர் ஒருவர் ஒரு செட் ஜெர்சிக்குப் பணம் கொடுக்கிறார். அடுத்த ஆண்டு அவருடைய போட்டிக் கடைக்காரர் பந்துகளுக்குக் கொடுக்கிறார். பாடசாலை உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் நல்ல பையன்களைக் கழகத்துக்கு அனுப்பக் காரணம் கிடைக்கிறது. கம்பளை சாஹிரா போன்ற பாடசாலைகள் உதைபந்தாட்டத்தில் பெயர் பெற்ற பகுதி இது. பாடசாலையை விட்டு வெளியேறும் பத்தொன்பது வயதில் அந்தத் திறமை எங்கே போகும் என்பதே எப்போதும் கேள்வி. அதற்கு ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது என்று காட்டுவது சொந்த மண்ணில் நடக்கும் ஆட்டம்தான். தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

கண்டி நகருக்கு இது தெரியாத பாடமல்ல. கண்டியின் விளையாட்டு வரலாறே மைதானங்களின் வரலாறு என்று இந்தத் தொடரின் தொடக்கத்திலிருந்தே சொல்லி வருகிறேன். எல். ஈ. பிளேஸ் 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய கையோடு றக்பியை அங்கே புகுத்தினார். 1906 ஓகஸ்டில் அதே கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் போகம்பரை மைதானத்தில் மோதியதே இலங்கையின் முதலாவது பாடசாலை றக்பி ஆட்டம். அந்த இரு பாடசாலைகளும் தம் ஆட்டத்தை நகரத்தின் நடுவில், யாரும் வந்து நின்று பார்க்கக்கூடிய பொதுத் திடலில் ஆடின. பின்னர் திரித்துவக் கல்லூரி மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து அஸ்கிரியவில் தனக்கென ஒரு மைதானம் அமைத்தது. அது 1915இல் திறக்கப்பட்டது. மலையைக் கரைத்து ஒரு மைதானம் செய்வது ஒரு பாடசாலைக்கு எவ்வளவு பெரிய செலவு என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் செலவு 68 ஆண்டுகளுக்குப் பிறகும் பலன் தந்தது: 1983இல் அஸ்கிரிய டெஸ்ட் மைதானமாயிற்று. 2007 டிசம்பரில் கண்டி தந்த முத்தையா முரளிதரன் ஷேன் வோர்னின் விக்கெட் சாதனையைக் கடந்தது அதே அஸ்கிரியவில்தான். உலகின் எந்த மைதானத்திலும் அந்தச் சாதனை நடந்திருக்கலாம். ஆனால், கண்டிப் பையன் ஒருவன் கண்டியில் அதைச் செய்ததை அந்த நகரம் இன்றும் பேசுகிறது என்றால், காரணம் அந்த இடம்.

றக்பியின் உதாரணம் இன்னும் வலுவானது. கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தொடங்கப்பட்டது. நாவலப்பிட்டிக்கு ரயில் வந்த அதே ஆண்டு. அதன் முதலாவது லீக் சம்பியன் பட்டம் வந்தது 1992இல். இடையே 118 ஆண்டுகள். பட்டம் என்ற அளவுகோலை மட்டும் வைத்தால், இத்தனை காலம் ஒரு கழகம் ஏன் உயிரோடிருந்தது என்பதற்கு விளக்கமே கிடைக்காது. கொழும்புக் கழகங்கள் கோப்பைகளை மாறி மாறி எடுத்துப்போன பத்தாண்டுகளில் கண்டியைத் தாங்கியது அதன் சொந்த மைதானமான நித்தவலதான்: சனிக்கிழமை பிற்பகல், நகர எல்லைக்குள், நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஒவ்வொரு பருவகாலமும் தவறாமல் நடந்த ஆட்டங்கள். தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை திரும்பி வரலாம் என்ற உறுதி. 1992க்குப் பிறகு அந்தக் கழகம் பட்டங்களை அடுக்கத் தொடங்கியபோது பலர் அதை ஒரு திடீர் எழுச்சியாகப் பார்த்தார்கள். நான் அதை நூறாண்டுச் சேமிப்பின் வட்டி என்றுதான் பார்க்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கண்டி றக்பியின் வெற்றிக்குக் காரணம் மைதானமா, பணமா? திரித்துவக் கல்லூரி, கிங்ஸ்வூட், தர்மராஜா போன்ற பாடசாலைகள் தொடர்ந்து வீரர்களை வழங்கின. செல்வாக்குள்ள நிர்வாகிகள் இருந்தார்கள். பெரிய நிறுவனங்களின் அனுசரணை கிடைத்தது. தீவின் பிற பகுதிகளிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வீரர்களை அழைத்துவர வசதி இருந்தது. நாவலப்பிட்டிக்கு இதில் எதுவும் இல்லை. ஆகவே இரண்டையும் ஒப்பிடுவது அநியாயம் என்று ஒருவர் சொல்லலாம். பண வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். அனுசரணையாளர் எவரும் காலியான இடத்துக்குப் பணம் போடுவதில்லை. ஆட்கள் கூடும் இடத்துக்கே பதாகையோடு வருவார்கள். நித்தவலவில் ஆட்கள் கூடியது பட்டம் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பு. பணம் பின்னால் வந்தது. கண்டி றக்பிக்கும் நாவலப்பிட்டி உதைபந்தாட்டத்துக்கும் உள்ள உண்மையான இடைவெளி, ஒன்றுக்கு இடையறாத சொந்த மண் கிடைத்தது, மற்றதற்கு அது கிடைத்த வேகத்திலேயே பறிபோனது என்பதில் இருக்கிறது. ஏழைக் கழகத்துக்குத்தான் சொந்த மைதானம் அதிகம் தேவை. பணக்காரக் கழகம் அது இல்லாமலும் சில ஆண்டுகள் தள்ளிவிடும்.

இதை நிரூபிக்க வேறெங்கும் போக வேண்டாம், படைகளின் அணிகளைப் பார்த்தாலே போதும். மேலே சொன்ன வாதத்துக்கு அவையே மிகக் கடினமான எதிர்ச்சாட்சி என்று தோன்றும். தரைப்படைக்கோ விமானப்படைக்கோ ஊர் கிடையாது, கூட்டம் கூட்டமாக வரும் ரசிகர்கள் கிடையாது. ஆனால் அவை தேசியப் பட்டங்களை வென்றிருக்கின்றன, பருவகாலம் தவறாமல் நிற்கின்றன. அப்படியானால் ஊர் இல்லாமலும் கழகம் வாழ முடியும் அல்லவா? முடியும், மாதச் சம்பளம் இருந்தால். படை வீரனுக்கு உதைபந்தாட்டம் அவன் உத்தியோகத்தின் ஒரு பகுதி. தொடர் நின்றுபோனாலும் அவன் பசி கிடக்கமாட்டான், பயிற்சி மைதானமும் விடுதியும் வண்டியும் அரசாங்கத்தின் செலவு. ஊரைக் கழித்துவிட்டு ஒரு தொடரை வடிவமைத்தால் அதில் கடைசிவரை நிற்கப்போவது இப்படிப்பட்ட அணிகளும் தலைநகர அணிகளும்தான். பத்துக் கழகப் பட்டியலில் அவை ஆறாக இருந்தது தற்செயல் அல்ல. நாவலப்பிட்டியின் வீரன் ஒருவன் ஓட்டோ ஓட்டுபவனாகவோ கடையில் நிற்பவனாகவோ இருப்பான். கொழும்பில் நடக்கும் ஒவ்வோர் ஆட்டமும் அவனுக்கு ஒரு நாள் கூலி இழப்பு, போகவர எட்டு மணி நேரப் பயணம்.

அமெரிக்கா இந்த விவாதத்துக்கு எப்படி உதவும் என்று கேட்கலாம். உலகின் பெரும்பாலான இடங்களில் உதைபந்தாட்டக் கழகத்தின் கனவு தரமுயர்வு: கீழ்ப்பிரிவில் முதலிடம் பிடித்தால் மேற்பிரிவு. அமெரிக்காவில் இந்தக் கனவே பல பத்தாண்டுகளாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. 1996இல் ஆரம்பமான அந்நாட்டின் முதல்தரத் தொடரான எம்.எல்.எஸ். ஒரு மூடிய தொடர். அதற்குள் புதிதாக நுழைய விரும்புபவர் ஆடுகளத்தில் வெல்ல வேண்டியதில்லை, நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். 2019இல் ஷார்லட் நகருக்கான இடத்தின் விலை 325 மில்லியன் டொலர். 2023இல் சான் டியேகோவுக்கு 500 மில்லியன். இந்த நிலையில் நான்காம் மட்டத்தில் ஆடும் ஒரு கழகம் எவ்வளவு வென்றாலும் அடுத்த ஆண்டும் நான்காம் மட்டத்தில்தான். நம் கணக்குப்படி அத்தகைய கழகங்கள் இரண்டே பருவகாலங்களில் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. டெட்ராய்ட் சிட்டி 2012இல் நான்காம் மட்டத்தில், ஓர் உயர்நிலைப் பாடசாலையின் மைதானத்தில் ஆடத் தொடங்கியது. கூட்டம் அதில் அடங்காமற் போனதும், ஹாம்ட்ராம்க் என்ற சிறு நகரில் 1930களின் அரச வேலைவாய்ப்புத் திட்டங்களில் கட்டப்பட்டுப் பாழடைந்து கிடந்த கீவர்த் அரங்கைச் சீரமைக்க முடிவெடுத்தார்கள். அதற்கான முதலீட்டை ரசிகர்களும் அக்கம்பக்கத்தாருமே சிறு சிறு தொகைகளாகத் தந்தார்கள்; சேர்ந்தது ஏழு இலட்சம் டொலருக்கு மேல். 2016இல் கழகம் அங்கே குடியேறியது. தென் மாநிலமான டெனசியின் சட்டனூகா எப்.சி. 2015இல் ஒரு நான்காம் மட்ட இறுதிப் போட்டிக்கு 18,000க்கு மேற்பட்டவர்களைத் தன் ஊர் அரங்குக்கு வரவழைத்தது. தோற்ற ஆட்டம்தான் அது, ஆனால் அந்த எண்ணிக்கையை எங்கள் தேசிய அணி எந்த ஆண்டில் கண்டது என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆக, அங்கே மேலே போகும் படி இல்லை, ஊர் இருந்தது. இங்கே படி இருந்தது, ஊர் பறிக்கப்பட்டது. எந்தக் கழகங்களுக்கு வயது கூடியது என்பது கண்முன் தெரிகிறது. டெட்ராய்ட் பின்னர் 2022இல் இரண்டாம் மட்டத் தொடருக்கு மாறி, அதே ஆண்டு நாட்டின் திறந்த கிண்ணத்தில் எம்.எல்.எஸ். அணியான கொலம்பஸைத் தன் மைதானத்தில் 2–1 என வென்றது. இங்கும் ஒரு மறுப்பு உண்டு: அமெரிக்காவே இப்போது மனம் மாறிவிட்டதே, கீழ்ப்பிரிவுத் தொடர்களை நடத்தும் யு.எஸ்.எல். அமைப்பின் உரிமையாளர்கள் 2025 மார்ச்சில் தரமுயர்வு–தரமிறக்க முறைக்கு வாக்களித்துவிட்டார்களே, அப்படியானால் படிதான் முக்கியம் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் அல்லவா? படி வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அந்த வாக்கெடுப்பு நடக்க முடிந்ததற்குக் காரணம், மேலேயும் கீழேயும் போய் வந்தாலும் ஊரை இழக்காத கழகங்கள் ஏற்கெனவே டசின் கணக்கில் இருந்ததுதான். கீழே இறங்கினாலும் ஆட்டம் அதே மைதானத்தில் நடக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்போதுதான் தரமிறக்கம் ஒரு தண்டனையாக மட்டும் நின்று, மரண தண்டனையாக மாறாமலிருக்கும். எங்கள் நாட்டில் தரமுயர்வே ஊரை இழக்கும் வழியாகிவிட்டது என்பதைத்தான் 2021 காட்டியது. நாவலப்பிட்டி மேலே போனது; மேலே போனதால் நாவலப்பிட்டி தன் அணியைப் பார்க்க முடியாமற் போனது.

2021ஐப் பற்றிப் பேசும்போது பெருந்தொற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. சூப்பர் லீக் தொடங்கிச் சில வாரங்களிலேயே தொற்று அலை எழுந்து தொடர் இடைநிறுத்தப்பட்டது. பின்னர் மாதங்கள் கழித்தே முடிக்கப்பட்டது. ஆட்களை ஓரிடத்தில் வைத்து, பரிசோதித்து, கட்டுப்பாட்டுக்குள் ஆடவைப்பதற்குத் தலைநகரில் இரண்டு மைதானங்கள் என்பது அன்று புத்திசாலித்தனமான ஏற்பாடு. உலகெங்கும் அப்படித்தான் நடந்தது. எனவே அந்த ஆண்டில் ரசிகர்கள் வரவில்லை என்பதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என் குறை வேறு. பெருந்தொற்று ஒரு காரணம் மட்டுமே. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் திட்டத்தில் தலைநகர் மையம் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. தொழில்முறைத் தொடர் என்றால் மின்விளக்கு, தொலைக்காட்சிக் கமெரா வைக்கும் மேடை, வீரர் அறைகள், ஆசிய சம்மேளனத்தின் கழக உரிமத்துக்கான நிபந்தனைகள் எல்லாம் வேண்டும். இவை இருக்கும் இடம் கொழும்பு. இந்த வாதம் கேட்க வலுவானது. ஆனால் நிபந்தனைகள் என்பவை ஒரு கழகத்தைத் தகுதிபெற வைக்க எழுதப்பட்டவை. தகுதி இல்லாத கழகத்தின் மைதானத்தை விட்டுவிட எழுதப்பட்டவை அல்ல. விளக்குக் கோபுரம் இல்லாத மைதானத்தில் பிற்பகல் மூன்றரை மணிக்கு ஆடலாம். மலைநாட்டில் பருவமழை மாதங்களைத் தவிர்த்து அட்டவணை போடலாம். ஒன்பது ஆட்டங்களில் நான்கை ஊரில் ஆட முடியாவிட்டாலும் இரண்டையாவது ஆடலாம். இதற்குச் செலவு வரும். ஒரு கழகத்தைப் பருவகாலம் முழுவதும் கொழும்புக்கு வரவழைப்பதற்கும்தான் செலவு வருகிறது. யார் பையிலிருந்து என்பதில்தான் வித்தியாசம்.

தலைநகர் மையத்தின் ஆதரவாளர்கள் சொல்லும் இன்னொரு காரணம் 2022 ஏப்ரல். சூப்பர் லீக் சம்பியனான புளூ ஸ்டார், ஆசிய சம்மேளனக் கிண்ணத்தின் ஆரம்பச் சுற்றில் நேபாளத்தின் மச்சிந்திரா கழகத்தைக் கொழும்பில் 2–1 என வென்றது. ஒரு வாரம் கழித்துக் கொல்கத்தாவில் ஏ.டி.கே. மோகன் பகானிடம் 0–5 எனத் தோற்றது. முதல் ஆட்டத்தைக் காட்டி, ஒருமுகப்படுத்திய தொடர் பலன் தந்தது என்கிறார்கள். நல்ல வெற்றிதான். ஆனால் அப்போது உலகத் தரவரிசையில் 200க்குக் கீழே கிடந்த ஒரு நாட்டின் உதைபந்தாட்டம் ஓர் ஆட்டத்தால் எழும்பாது. 1995இல் தெற்காசியக் கிண்ண இறுதியில் இந்தியாவை 1–0 என வென்றபோதும் எல்லாம் மாறிவிடும் என்றுதான் சொன்னார்கள். சுகததாச அரங்கின் அந்த இரவு மலைநாட்டில் ஒரு மைதானத்தையும் கூட்டவில்லை.

இனி, மலையகத் தமிழ் வாசகர் ஒருவர் எழுப்பக்கூடிய கேள்வி. தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் இன்று கொழும்பில்தானே இருக்கிறார்கள்? புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தை ஹோட்டல்களிலும் வேலை செய்யும் ஹட்டன், நாவலப்பிட்டி, தலவாக்கலைப் பையன்களுக்கு, ரேஸ்கோர்ஸில் நடக்கும் ஆட்டம் நாவலப்பிட்டியில் நடப்பதைவிடப் பக்கம்தானே? இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. என் வாதத்துக்கு எதிராக வைக்கப்படுபவற்றில் நான் மிகவும் மதிப்பதும் இதைத்தான். ஆனால் அந்தப் பையன்களுடைய வேலை நேரத்தைத் தெரிந்தவர்களுக்கு, வார நாள் பிற்பகல் ஆட்டத்துக்கு அவர்களில் எத்தனை பேருக்கு லீவு கிடைக்கும் என்பது தெரியும். அவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்புகிறவர்கள்; அணியும் அப்போது ஊரில் இருந்தால்தான் இருவரும் சந்திக்க முடியும். யாழ்ப்பாணத்தின் நாவாந்துறை, மன்னாரின் மீன்பிடிக் கிராமங்கள் ஆகியவற்றில் உதைபந்தாட்டம் இவ்வளவு ஆழமாக வேர்விட்டிருப்பதும் இதே காரணத்தால். அங்கிருந்து இளைஞர் வெளிநாடு போயிருக்கிறார்கள், போர் கிராமங்களைப் பெயர்த்திருக்கிறது. ஆயினும் கழகம் கிராமத்தின் மைதானத்தை விட்டு நகரவில்லை. போனவர்கள் திரும்பி வரும்போது அது இருந்தது. வெளியிலிருந்து பணம் அனுப்புபவர்களும் தங்கள் கண்ணில் இருக்கும் ஒரு துண்டு நிலத்துக்குத்தான் அனுப்புகிறார்கள்.

சூப்பர் லீக்கின் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. எரிபொருளுக்கு வரிசை நின்ற மாதங்களில் ஓர் அணியை மலையிலிருந்து தலைநகருக்கு பஸ்ஸில் கொண்டுபோவது என்ற எண்ணமே கேலியாகத் தோன்றியிருக்கும். தூரத்தை அடிப்படையாக வைத்துக் கட்டிய தொடர் எவ்வளவு எளிதில் முறியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை. அடுத்து 2023 ஜனவரி 21இல், உதைபந்தாட்ட நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்ற காரணத்துக்காக பிஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. அந்த ஏழு மாதங்களில் இலங்கை அணிகளுக்குச் சர்வதேசப் போட்டிகள் மூடப்பட்டிருந்தன. சம்மேளனத் தேர்தல், வாக்குகள், வழக்குகள் என்று பத்திரிகைகள் நிறைந்தன. விவாதம் முழுவதும் யார் தலைமை என்பதைச் சுற்றியே சுழன்றது. எந்த ஊரில் எத்தனை ஆட்டம் என்பது எந்த வேட்பாளரின் பேச்சிலும் பெரிய இடம் பிடிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. சொந்த மைதானம் என்றால் நாவலப்பிட்டிக்கு ஜயதிலக மைதானம் இருக்கிறது. கண்டி நகரத்து உதைபந்தாட்டத்துக்கு என்ன இருக்கிறது? றக்பிக்கு நித்தவல, கிரிக்கெட்டுக்கு அஸ்கிரியவும் பல்லேகலவும். உதைபந்தாட்டத்துக்கு மிச்சமிருப்பது நகரின் நடுவே, பழைய சிறைச்சாலையை ஒட்டிக் கிடக்கும் போகம்பரை. அது எல்லோருக்கும் உரியது என்பதால் யாருக்கும் நிரந்தரமாக உரியதாக இல்லை: பாடசாலை விளையாட்டு விழா, றக்பி, களியாட்டம், அரசியல் கூட்டம் எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்கிய பிறகே பந்துக்கு நாள். கண்டியிலிருந்து ஒரு கழகம் முதல்தரத்தில் நிலைத்து நிற்காததற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்பவர்கள் அந்த மைதானத்தின் முன்பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த போகம்பரை எப்படித் தூர்க்கப்பட்டு மைதானமானது, அதன் மீது நகரசபைக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் இடையே எழுந்த இழுபறி என்ன என்பவற்றை அடுத்த பகுதியில் பார்ப்போம்.